அழுகை வராதது கல்நெஞ்சம் இல்லை

அப்பா தவறி மூன்று வாரமாகியும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, சொந்தக்காரர்கள் கல்நெஞ்சன் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பெரிய அதிர்ச்சியில் மனசு மரத்துப்போவது சகஜம், அதுவும் ஐஸ்பெட்டிக்குச் சொல்வதிலிருந்து பதினாறாம் நாள் காரியம் வரை எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்த மூத்த மகனுக்கு உட்கார்ந்து அழ எங்கே நேரம் இருந்தது? ராத்திரி போன் அடித்தால் கை நடுங்குகிறது என்கிறீர்களே, அதுவும் துக்கம்தான். அழுகை பிறகு ஒருநாள் அவர் செருப்பைப் பார்க்கும்போது திடீரென்று வரலாம், வராமலும் போகலாம், இரண்டுமே தப்பில்லை.

தூங்குவதற்காகக் குடிக்கிறேன் என்றதுதான் எனக்குக் கவலை. தயவுசெய்து நிறுத்துங்கள், அது தூக்கத்தை இன்னும் கெடுக்கும். ஒரு மாதம் தாண்டியும் நடுக்கம் குறையவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன்பே தாங்க முடியவில்லையா, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்கு எந்நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம்.