சுத்தியல் மாட்டியிருந்த இடம்

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கும் என் மகள் சனிக்கிழமைதோறும் தோழிகளுடன் ‘எஸ்டேட் சேல்’ என்று கிளம்பிவிடுகிறாள். இறந்துபோனவர்களின் வீட்டுக்குள் போய் அவர்கள் புழங்கிய தட்டுமுட்டுச் சாமான்களைப் பார்ப்பதும் வாங்குவதும்தான் அது என்று தெரிந்தபோது எனக்கு உடம்பு கூசிவிட்டது. கைநிறையச் சம்பாதிக்கிறவள், புதிதாக வாங்கக் கூடாதா? இதில் என்ன இன்பம்? நீங்களாவது அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.
(வாசகி ஒருவர், கும்பகோணம்)

பதில்: எடுத்துச் சொல்கிறேன். மகளுக்கு அல்ல, உங்களுக்கு.

முதலில் அந்தக் கூச்சம். உங்கள் கழுத்துச் சங்கிலியில் மாமியாரின் பொன் ஒரு சவரனாவது கலந்திருக்கும். பாட்டியின் தோட்டை அழித்துப் பேத்திக்கு வளையல் செய்யாத குடும்பம் நம்மிடையே அரிது. அந்தப் பொன்னைத் தொடும்போது கூசாத உடம்பு, முன்பின் அறியாத ஒரு மூதாட்டியின் பீங்கான் கிண்ணத்தைத் தொட்டால் மட்டும் ஏன் கூச வேண்டும்? விலை உயர்ந்த பொருளுக்கு இல்லாத தீட்டை விலை குறைந்த பொருளின் தலையில் ஏற்றிவைத்திருக்கிறோம். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எஸ்டேட் என்றதும் நமக்குத் தேயிலைத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். அங்கே ஒருவர் விட்டுச்சென்ற உடைமை முழுவதற்கும் அந்தப் பெயர். வீட்டுக்காரர் காலமான பிறகோ, தள்ளாமையால் முதியோர் இல்லத்துக்கு மாறும்போதோ, வீட்டில் உள்ளதை வீட்டிலேயே வைத்து விற்கிறார்கள். பிள்ளைகள் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டபின் மிச்சத்தை இதற்கென்றே இருக்கும் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுவார்கள். அவர்கள் ஒவ்வொன்றுக்கும் விலைச்சீட்டு ஒட்டி விற்று, பெரும்பாலும் 30 முதல் 40 விழுக்காடுவரை தங்களுக்கு எடுத்துக்கொள்வார்கள். விற்பனை வார இறுதியில் இரண்டு மூன்று நாள் நடக்கும். முதல் நாள் ஒட்டிய விலை, கடைசி நாள் பல இடங்களில் பாதி விலை. விடிவதற்கு முன்பே வந்து வரிசைக்கு எண்சீட்டு வாங்கி நிற்பவர்களில் வியாபாரிகள் அதிகம். அந்தக் கூட்டம் வடிந்த பிறகு உங்கள் மகள் போகிறாள் என்றால் அவள் விவரம் தெரிந்தவள்.

சில ஆண்டுகளுக்கு முன் பென்சில்வேனியாவில் அண்ணன் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அவளும் அவள் தோழிகள் இருவரும் ஒரு சனிக்கிழமை என்னை இப்படி ஒரு வீட்டுக்கு அழைத்துப்போனார்கள். தோழிகளில் ஒருத்தி மருத்துவமனையில் செவிலி, மற்றவள் பொறியாளர். உள்ளே நுழைந்ததும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். நான் போனது சமையலறைக்கு.

சிறிது நேரத்தில் பொறியாளர் கார் கொட்டகையிலிருந்து எங்களைக் கூப்பிட்டாள். அங்கே ஒரு மரப்பலகையின் அடிப்பக்கத்தில், குழந்தை உணவு வந்த சிறு கண்ணாடிக் குப்பிகளின் மூடிகளைத் திருகாணியால் வரிசையாகப் பொருத்தியிருந்தார் அந்த வீட்டுப் பெரியவர். குப்பிகள் மூடியிலிருந்து தொங்கின. ஒவ்வொன்றிலும் ஓர் அளவு ஆணி. ஒரு கையாலேயே குப்பியைத் திருகி எடுக்கலாம், திரும்ப மாட்டலாம். எதிர்ச் சுவரில் துளையிட்ட பலகை. எந்தக் கருவி எங்கே மாட்ட வேண்டும் என்று அதனதன் உருவத்தைச் சுற்றிக் கறுப்பு மையால் கோடு இழுத்திருந்தார். சுத்தியல் காலையிலேயே விற்றுப்போயிருந்தது. அதன் கோடு மட்டும் சுவரில் இருந்தது. நான்கு பேரும் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

செவிலி எங்களை மாடிக்கு அழைத்துப்போய்ப் படுக்கை விரிப்பு அலமாரியைக் காட்டினாள். ஒற்றைக் கட்டிலுக்கான விரிப்புகள் மட்டும் துவைத்துத் துவைத்து நைந்திருந்தன. ஆனாலும் ஒவ்வொன்றும் இஸ்திரி போட்டு மடித்தது. “இந்த வீட்டில் ஒருவர் நெடுநாள் படுக்கையில் இருந்திருக்கிறார். பார்த்துக்கொண்டவர் மனங்கோணாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்” என்றாள். நான் தனியாகப் போயிருந்தால் அந்த அலமாரியைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டேன். என்ன இன்பம் என்று கேட்டீர்களே, இதுதான் அது. ஒருவர் கண்ணில் படாததை இன்னொருவர் கண் எடுத்துக் கொடுக்கிறது. திரும்பி வரும் வழியில் காருக்குள் அந்தத் தம்பதியைப் பற்றி நாங்கள் பேசிய பேச்சை, அவர்களுடைய உறவினர்கள்கூடப் பேசியிருப்பார்களா என்பது ஐயம்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூட வருகிற தோழி நல்ல தடுப்பு. அண்ணன் மகள் ஒரு பெரிய பித்தளை விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, “எங்கே வைப்பாய்?” என்று ஒரே கேள்வி கேட்டுத் திரும்ப வைக்கச் செய்தார்கள்.

புதையல் கதைகளைச் சொல்லி இதற்கு ஆள் சேர்ப்பவர்கள் உண்டு. 2007-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வீட்டு விற்பனையில் 3 டாலருக்கு வாங்கிய சீனக் கிண்ணம், ஆயிரம் ஆண்டுப் பழமையான சோங் மரபுக்கால வேலைப்பாடு என்று தெரியவந்து, 2013-இல் சோத்பீஸ் ஏலத்தில் 22 லட்சம் டாலருக்கு மேல் போனது. 2016-இல் மாசசூசெட்ஸில் ஓர் எஸ்டேட் விற்பனையில் 30 டாலருக்கு வாங்கிய கோட்டோவியத்தை ஜெர்மானிய ஓவியர் டூரர் வரைந்தது என்று பின்னர் வல்லுநர்கள் அடையாளம் கண்டார்கள். இரண்டும் நடந்தவைதான். ஆனால் இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போகிறவர் கிண்ணத்தைக் கவிழ்த்து அடியில் முத்திரை தேடுவார். அதில் யார் என்ன சாப்பிட்டார் என்று அவருக்குத் தோன்றாது. மகளிடம் இந்தக் கதைகளைச் சொல்லிவிடாதீர்கள்.

நம்மிடம் இந்த வழக்கம் இல்லவே இல்லை என்று எண்ணாதீர்கள். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோகும்வரை, கல்லூரி நாள்களில் நண்பர்களோடு நான் மணிக்கணக்கில் நின்ற இடம் அது. யாரோ ஒரு வக்கீல், யாரோ ஓர் ஆசிரியர் கண்மூடியபின் அவர்கள் சேர்த்த புத்தகங்கள் அங்கேதான் வந்து குவியும். முதல் பக்கத்தில் பெயர், வாங்கிய தேதி, ஓரங்களில் பென்சில் குறிப்பு. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவுக்குப் போனால் செட்டிநாட்டு வீடுகளின் எனாமல் பாத்திரங்களையும் தேக்குத் தூண்களையும் ரவிவர்மா அச்சுப்படங்களையும் இன்றும் பார்க்கலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே வந்து சேரும்போது பொருள் தன் வீட்டைப் பிரிந்துவிடுகிறது. எந்த அடுப்பில் ஏறிய பாத்திரம் என்று கடைக்காரருக்கும் தெரியாது. அமெரிக்காவில் உங்கள் மகள் பார்க்கிற கரண்டி, அது கிடந்த இழுப்பறையிலேயே கிடக்கிறது.

மற்ற வீடுகளில் நாம் செய்வது இதைவிட மோசம். அம்மாவின் வெண்கலப் பானையையும் பித்தளை அண்டாவையும் பாத்திரக்கடைத் தராசில் ஏற்றி, எடைக்கு எடை கணக்குப் பார்த்து எவர்சில்வர் வாங்கி வந்தோம். பொங்கல்தோறும் பொங்கிய பானை நாலு கிலோ வெண்கலமாகப் போய்ச் சேர்ந்தது. அங்கே மூன்று டாலர் சீட்டு ஒட்டினாலும் பானையைப் பானையாக விற்கிறார்கள். பானையாகவே இன்னொருத்தி எடுத்துப்போகிறாள்.

எனக்கு ஒவ்வாத ஒன்றும் அந்த வீட்டில் இருந்தது. ஒரு செருப்புப் பெட்டி நிறையக் குடும்பப் புகைப்படங்கள், ஒன்று ஒரு டாலர். மணக்கோலம், பிறந்தநாள், பள்ளிச் சீருடை, எல்லாம் கலந்து கிடந்தன. எடுத்துக்கொள்ள ஒருவரும் இல்லையா, அவசரத்தில் விட்டுப்போனார்களா, எதுவானாலும் அதற்கு விலை ஒட்டியிருக்கக் கூடாது. நாங்கள் நால்வருமே அந்தப் பெட்டியை மூடிவைத்துவிட்டு நகர்ந்தோம்.

அன்று வாங்கியது ஒன்றே ஒன்று. சமையலறையில் நான் கண்டெடுத்த தகரப் பெட்டி, 2 டாலர். உள்ளே கையால் எழுதிய சமையல் குறிப்பு அட்டைகள், எண்ணெய்க் கறையோடு. ஆப்பிள் பணியார அட்டையின் ஓரத்தில் பிற்காலத்து நடுங்கிய எழுத்தில், சர்க்கரையைப் பாதியாகக் குறை என்று ஒரு குறிப்பு. பெட்டி இப்போது அண்ணன் மகளின் சமையலறையில் இருக்கிறது. அந்தப் பணியாரத்துக்கு அவளும் பாதிச் சர்க்கரைதான் போடுகிறாள்.