“தொட்டியில் முக்கும் வேலைக்கா படிக்க வைத்தேன்?”: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. பி.எஸ்சி. வேதியியல் முடித்த தங்கள் மகளுக்கு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், ‘பிரீ-ட்ரீட்மென்ட்’, அதாவது பெயிண்ட் அடிப்பதற்கு முன் இரும்பைப் பக்குவப்படுத்தும் பிரிவின் ஆய்வகத்தில் பயிற்சியாளர் வேலை கிடைத்திருக்கிறது. அதைக் கேட்ட உறவினர் ஒருவர், “இரும்பைத் தொட்டியில் முக்கி எடுத்துப் பெயிண்ட் அடிக்கிற வேலைக்கா பெண்ணை மூன்று வருஷம் படிக்க வைத்தீர்கள்?” என்று கேட்டுவிட, அன்றிலிருந்து தங்களுக்கு உறக்கம் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பி.எட். சேர்ப்பதா, போட்டித் தேர்வுக்குத் தயார் செய்வதா, இந்த வேலைக்கே அனுப்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துறை நல்ல துறை. ஆனால் அந்தத் தொழிற்சாலை நல்ல தொழிற்சாலையா என்பது நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். தங்கள் கடிதத்தில் இந்த இரண்டு கவலைகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

பாம்பன் பாலத்தை ஒட்டிய கடற்கரை ஊரான மண்டபத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் தங்களுக்குத் துருவைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியும் சைக்கிள் ரிம்மும் என்ன பாடுபடுகின்றன என்பதைத் தினமும் பார்க்கிறீர்கள். அந்தக் காற்று அவ்வளவு கடுமையானது என்பதாலேயே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது நம் பக்கத்தில் எல்லோரும் ‘சிக்ரி’ என்று சொல்லும் நிறுவனம், தன் அரிமான (உலோகம் துருப்பிடித்து அரிக்கப்படுவது பற்றிய) ஆய்வு நிலையத்தை மண்டபத்தில் வைத்திருக்கிறது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலம் நூறாண்டுக்கு மேல் நின்றதற்கு, அதன் இரும்பைச் சுரண்டிச் சுரண்டிப் பூச்சடித்துக்கொண்டே இருந்தவர்களும் ஒரு காரணம். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்ஸேன் என்னும் சிறப்புப் பூச்சு தரப்பட்டிருக்கிறது. அந்தப் பூச்சு எதனால் ஆனது, எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம், எந்தப் பரப்பின் மேல் எப்படிப் பிடிக்கும் என்பதையெல்லாம் தீர்மானிப்பவர்கள் வேதியியல் படித்தவர்கள். தங்கள் மகள் சேரப்போகும் துறை அதுதான்.

இனி, ‘தொட்டியில் முக்குவது’ என்றால் என்ன என்று பார்ப்போம். தொழிற்சாலைகளில் இதைப் பெரும்பாலும் ‘செவன் டேங்க் பிராசஸ்’ என்பார்கள். உண்மையில் தொட்டிகள் ஏழுக்கு மேலும் இருக்கலாம். முதலில் காரக் கரைசலில் எண்ணெய்ப் பிசுக்கை நீக்குகிறார்கள். பிறகு அலசல், அமிலத்தில் துரு நீக்கம், மறுபடி அலசல், அதன்பின் இரும்பின் மேல் ஃபாஸ்பேட் படலம் ஏற்றும் ஃபாஸ்பேட்டிங், கடைசியில் அந்தப் படலத்தைத் துரு அண்டாமல் காக்கும் கரைசலில் முக்கும் பாஸிவேஷன். முதல் தொட்டியிலேயே பாடம் தொடங்கிவிடுகிறது. பிசுக்கு முழுவதும் போயிற்றா என்பதை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கழுவிய தகட்டைத் தூக்கிப் பிடித்தால், தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நிற்க வேண்டும். தாமரை இலையில் உருள்வதுபோல் முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று பொருள். அந்தத் தகட்டின் மேல் என்ன பூச்சு ஏற்றினாலும் பின்னாளில் செதில் செதிலாக உரியும்.

நடுவில் வரும் ஃபாஸ்பேட்டிங் தொட்டிதான் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. கரைசலில் உள்ள ஃபாஸ்பாரிக் அமிலம் இரும்பின் மேற்பரப்பைச் சிறிதளவு கரைக்கிறது. அமிலம் செலவாவதால், பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில் மட்டும் அமிலத்தன்மை குறைகிறது. அந்த இடத்தில் துத்தநாக ஃபாஸ்பேட் கரைந்து நிற்க முடியாமல் நுண்படிகங்களாக இரும்பின் மேலேயே படிகிறது. சில மைக்ரான் கனமே உள்ள அந்தச் சொரசொரப்பான படலத்தைத்தான் பெயிண்ட் பற்றிக்கொள்கிறது. அமிலம் அளவுக்கு மிஞ்சினால் இரும்பு கரையுமே தவிரப் படலம் உருவாகாது; அமிலம் குறைந்தால் படிக வேண்டியது பொருளின் மேல் படியாமல் தொட்டியின் அடியில் சகதியாகத் தங்கும். ஆக, இந்தத் தொட்டியின் நலம் ஒரு சமநிலையில் நிற்கிறது. அந்தச் சமநிலையை ஒவ்வொரு ஷிஃப்டிலும் அளந்து காப்பதுதான் தங்கள் மகளுக்குத் தரப்பட்டிருக்கும் வேலை.

அவர் எப்படி அளப்பார்? கல்லூரி ஆய்வகத்தில் செய்த அதே டைட்ரேஷன், அதாவது தரம்பார்த்தல்தான். தொட்டியிலிருந்து 10 மில்லி கரைசலை எடுத்து, புரோமோஃபீனால் ப்ளூ என்னும் நிறங்காட்டியை இட்டு, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு எத்தனை மில்லி செலவாகிறது என்று பார்த்தால் அது ‘ஃப்ரீ ஆசிட்’ பாயின்ட். ஃபினால்ப்தலீன் என்னும் இன்னொரு நிறங்காட்டியை இட்டுப் பார்த்தால் ‘டோட்டல் ஆசிட்’ பாயின்ட். மூன்றாண்டுப் படிப்பு வீணாயிற்று என்று வருந்தும் தாங்கள், பி.எஸ்சி. செய்முறை வகுப்பு நாள் தவறாமல் பயன்படும் வேலைகள் எத்தனை இருக்கின்றன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இதற்கு அப்பால் பௌடர் கோட்டிங் (பெயிண்டைப் பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்க வைப்பது) அல்லது மின்முறைப் பெயிண்ட், 180 முதல் 200 டிகிரி வரை சூடுள்ள ஓவன், எல்கோமீட்டர் என்னும் கருவியில் பூச்சின் கனம் பார்ப்பது, கட்டம் கட்டமாகக் கீறிப் பிடிமானம் பார்ப்பது, பிறகு சால்ட் ஸ்பிரே சோதனை என்று தொடர்கிறது. இந்தக் கடைசிச் சோதனையில் 35 டிகிரி வெப்பத்தில் 5 விழுக்காட்டு உப்புக் கரைசலை மூடுபனிபோல் இடைவிடாமல் தெளிப்பார்கள். வாடிக்கையாளர் 500 மணி நேரம் கேட்டிருந்தால், ஏறக்குறைய 21 நாள் அந்தப் பெட்டிக்குள் பொருள் தாக்குப்பிடிக்க வேண்டும். மண்டபத்துக் காற்றைப் பெட்டியில் அடைத்ததுபோல் என்று தங்களுக்குச் சொல்லலாம். நிபுணர்கள் இந்த ஒப்புமையை ஏற்கமாட்டார்கள், ஏனென்றால் பெட்டியின் மணிக்கணக்கு வெளியுலகின் ஆண்டுக்கணக்கோடு நேராகப் பொருந்துவதில்லை.

உடல்நலம் குறித்த தங்கள் அச்சத்தை நான் ஒதுக்கிவிடப் போவதில்லை. இத்துறையில் அஞ்ச வேண்டியவை உண்மையிலேயே இருக்கின்றன. முதலாவது, பாஸிவேஷன் கரைசலில் சேர்க்கப்பட்டு வந்த, ஆறு இணைதிறன் கொண்ட (ஹெக்ஸாவேலன்ட்) குரோமியம். துருவைத் தடுப்பதில் அதற்கு இணையான பொருளைக் கண்டுபிடிக்க வேதியியலாளர்கள் நெடுங்காலம் திணறினார்கள். ஆனால் அதன் ஆவியையும் துகளையும் சுவாசிப்பவர்களுக்கு மூக்கின் நடுச்சுவரில் துளை விழுவதும் நுரையீரல் புற்றுநோய் வருவதும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டவை. ராணிப்பேட்டையில் எப்போதோ மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு, நிலத்தடி நீரை இன்றளவும் விட்டபாடில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் மின்னணுப் பொருட்களிலும், அதற்கடுத்த ஆண்டு வாகனங்களிலும் இதற்குக் கட்டுப்பாடு விதித்ததன் விளைவாக, ஏற்றுமதி செய்யும் நம் ஊர்த் தொழிற்சாலைகள் பலவும் மூன்று இணைதிறன் குரோமியத்துக்கோ சிர்கோனியம் சார்ந்த கரைசலுக்கோ மாறியிருக்கின்றன. ஆகவே “பாஸிவேஷன் தொட்டியில் என்ன இருக்கிறது?” என்பது தாங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. “அதெல்லாம் கம்பெனி ரகசியம்” என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். எந்த வேதிப்பொருளுக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் ஒன்று உண்டு; அதை அங்கு வேலை செய்பவருக்குக் காட்ட மறுப்பதற்கு நியாயமே இல்லை.

இரண்டாவதாக, அதே வளாகத்தில் துத்தநாக முலாம் பூசும் பிரிவு இருந்தால், அங்கே சயனைடு பயன்படுகிறதா என்று கேளுங்கள். சயனைடு கரைசலில் அமிலம் தெரியாமல் கலந்தாலும் உயிரைப் பறிக்கும் வாயு கிளம்பும் என்பது தங்கள் மகளுக்கு நன்றாகத் தெரியும். சயனைடு இல்லாத முறைகள் இப்போது பரவலாக உள்ளன. மூன்றாவதைக் கேட்கவே வேண்டாம், பார்த்தாலே தெரியும். தொட்டிகளுக்கு மேல் ஆவியை உறிஞ்சும் குழாய் ஓடுகிறதா, கண் கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா, தொழிலாளர்கள் கையுறையும் கண்ணாடியும் அணிந்திருக்கிறார்களா அல்லது அவை அலமாரியில் தூங்குகின்றனவா, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறதா என்று பாருங்கள். உள்ளே நுழைந்தவுடன் தொண்டை கரகரத்தால் மற்ற கேள்விகளுக்கே அவசியமில்லை.

பணி ஆணையிலும் ஒரு சொல்லைக் கவனியுங்கள். ‘டிரெய்னி’ என்பதும் ‘அப்ரென்டிஸ்’ என்பதும் ஒன்றல்ல. அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்திருந்தால் அது பயிற்சி. உதவித்தொகையும் முடிவில் சான்றிதழும் கிடைக்கும், ஆனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இராது, பயிற்சிக்குப் பின் அங்கேயே வேலை என்ற உறுதியும் பொதுவாக இராது. எந்தப் பதிவும் செய்யாமல், சலுகையும் தராமல், ‘டிரெய்னி’ என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கும் இடங்களும் உண்டு. எது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இரவு ஷிஃப்ட் உண்டா, உண்டென்றால் விடுதி வாசல் வரை வண்டி வருமா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம். பெண் பிள்ளையின் தந்தை இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சம்பளம் தொடக்கத்தில் பெரிதாக இராது. அதை மறைத்து நான் எழுதினால் அது ஆலோசனையாகாது. முதல் இரண்டு ஆண்டுகளில் சம்பளத்தைவிட, தொட்டியில் நடப்பது ‘ஏன்’ என்று அவர் கற்றுக்கொள்கிறாரா என்பதே முக்கியம். என்னிடம் ஒருமுறை வந்த இளைஞர், மூன்றாண்டு இதே வேலையைச் செய்தவர். பாயின்ட் குறைந்தால் அட்டையில் எழுதியிருக்கும் அளவுக்கு மருந்து ஊற்றுவார். நேர்காணல் ஒன்றில், “கிரேன் பழுதாகிப் பொருள் இரண்டு தொட்டிகளுக்கு நடுவே தொங்கினால் மஞ்சளாகத் துரு பூக்கிறதே, ஏன்?” என்று கேட்டபோது அவருக்கு விடை தெரியவில்லை. அமிலத்தில் குளித்து வந்த வெற்று இரும்பு, ஈரத்தோடு காற்றில் நின்றால் நிமிடங்களில் துருப்பிடிக்கும் என்பதை அவர் நூறு முறை கண்ணால் கண்டிருக்கிறார்; ஒரு முறைகூட யோசித்ததில்லை. ஆகவே மகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, வந்த குறை, கண்டறிந்த காரணம், செய்த மாற்றம் ஆகிய மூன்றையும் நாள்தோறும் எழுதச் சொல்லுங்கள். இந்தக் கரைசல்களைத் தயாரித்து விற்கும் நிறுவனங்கள் தங்கள் தொழில்நுட்பச் சேவைப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது தேடுவது இந்த அனுபவத்தைத்தான்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் வளைகுடா வேலை பற்றிப் பேசாத வீடு குறைவு என்பதால் இதையும் சொல்ல வேண்டும். ‘கோட்டிங் இன்ஸ்பெக்டர்’ சான்றிதழ் வாங்கினால் உடனே எண்ணெய் நிறுவனத்தில் வேலை என்று விளம்பரங்கள் வருகின்றன. சான்றிதழ் பொய்யானதல்ல, அரிமானத் தடுப்பு, பூச்சுத் துறைகளைச் சேர்ந்த நேஸ், எஸ்.எஸ்.பி.சி. என்னும் இரு அமைப்புகள் 2021-இல் இணைந்து உருவான ஆம்ப் (AMPP) அமைப்பின் சான்றிதழுக்கு உலகெங்கும் மதிப்பு உண்டு. ஆனால் கட்டணம் அதிகம். களத்தில், மணலை வேகமாக வீசித் துரு நீக்கிய (மணல்வீச்சு) பரப்பையே பார்த்திராதவர் கையில் அந்தத் தாள் இருந்து பயனில்லை. கடன் வாங்கி இப்போது அதில் சேர்க்க வேண்டாம்.

ஆராய்ச்சியில் நாட்டம் இருந்தால் வழி வீட்டுக்கு அருகிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த சிக்ரி, 1953 முதல் இதே அரிமானத்தையும் மின்முலாமையும் ஆராய்ந்து வருகிறது. பக்கத்திலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தில் தொழில் வேதியியல் துறை இருக்கிறது. ஓராண்டோ இரண்டாண்டோ தொழிற்சாலையில் இருந்துவிட்டு எம்.எஸ்சி.க்குப் போகும் மாணவி, தன் கேள்விகளோடு வகுப்பில் உட்காருவார்.

பி.எட். பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன்: கற்பிப்பதில் மகளுக்கு விருப்பம் இருந்தால் அது நல்ல வழி, உறவினரின் வாயை அடைப்பதற்காக என்றால் வேண்டாம். தங்கள் நீண்ட கடிதத்தில் மகளின் விருப்பம் என்ன என்பது ஓரிடத்திலும் இல்லை என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

பணியில் சேர இன்னும் பத்து நாள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மனிதவளப் பிரிவுக்கு மகளே மின்னஞ்சல் அனுப்பி, பணியிடத்தை ஒருமுறை பார்க்க அனுமதி கேட்கட்டும். அனுமதி கிடைத்தால் இருவரும் பகல் ஷிஃப்ட் நடக்கும் நேரத்தில் செல்லுங்கள். வரவேற்பறையில் தேநீரோடு அனுப்பிவிடாமல் தொட்டிகள் வரை அழைத்துச் செல்லும்படி கேளுங்கள். கண்டதை எனக்கு எழுதினால், பணி ஆணையின் நகலையும் சேர்த்துப் படித்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
கல்வி ஆலோசகர்