மூங்கில் கூடையில் பூஞ்சணம்: கறுவா எண்ணெய் நிற்குமா?

கேள்வி: ஐயா, வணக்கம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். லயத்துக்குக் கீழே ஓடைக்கரையில் நாலு மூங்கில் புதர் நிற்கிறது. போஞ்சிக்குக் கம்பு வெட்டியது போக மிச்சத்தைக் கீறி, நானும் மனைவியும் பழக்கூடையும் விளக்குக்கூடும் பின்னி நுவரெலியாவில் ஒரு கடைக்குக் கொடுக்கிறோம். ஜூன் மாதம் கொடுத்த 20 கூடையும் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம் பிடித்துத் திரும்பி வந்துவிட்டன. இரசாயன மருந்து அடித்த சாமான் வேண்டாம் என்கிறார் கடைக்காரர். தேங்காய் எண்ணெய் பூசிப் பார்த்தேன். கறுவா இலை அவித்த தண்ணீரில் ஊறவைத்தும் பார்த்தேன். இரண்டும் சரிவரவில்லை. கறுவா எண்ணெயே வாங்கிப் பூசினால் நிற்குமா?

பதில்: நிற்கும் தம்பி, கடைசி வேலையாகப் பூசினால். நீங்கள் அதை முதல் வேலையாக நினைக்கிறீர்கள், அதுதான் சிக்கல்.

தேக்கு, பலா போன்ற மரங்களின் வைரத்தில் பூஞ்சணத்துக்கு ஆகாத சாறு இயற்கையாகவே இருக்கிறது. மூங்கிலில் அப்படி எதுவும் இல்லை. உள்ளே மாவுச்சத்தும் சீனியும் நிறைய இருக்கின்றன. அதோடு ஈரமும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்கு விருந்துதான். காற்றின் ஈரப்பதம் 75, 80 வீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் போதும், அது முளைத்துவிடும். தென்மேற்குப் பருவ மழையில் உங்கள் பக்கம் சுவரே வியர்க்கும், கூடை என்ன செய்யும்? முன்பு கூடை அடுப்புக்கு மேலே பரணில் தொங்கியது, புகையும் சூடும் பட்டது. கேஸ் அடுப்பு வந்த வீடுகளில்தான் கூடை பூக்கிற கதையை நான் அதிகம் கேட்கிறேன்.

நீங்கள் செய்த இரண்டும் ஏன் பலிக்கவில்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகாது. பிசுபிசுவென்று நின்று தூசியைப் பிடிக்கும், நாளானால் சிக்கு வாடை வரும், பூஞ்சணத்துக்கு அதுவும் ஒரு தீனி. கறுவா இலையில் காரமான சரக்கு இயூஜினோல். கராம்பில் இருப்பதும் அதுதான். அது தண்ணீரில் சரியாகக் கரையாது, திறந்த பானையில் அவித்தால் ஆவியோடு போய்விடும். பானையில் மிஞ்சுவது இலையின் சாயமும் சீனியும். அதில் கூடையை ஊறவைத்தால் பூஞ்சணத்துக்குக் கஞ்சி வார்த்த மாதிரி. தேயிலைச் சாயத்தில் ஊறவைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தேயிலையில் பூஞ்சணத்தை ஓரளவு தடுக்கும் சத்து உண்டுதான், ஆனால் இரண்டு நாள் மறந்த தேத்தண்ணிச் சக்கையில் என்ன பூக்கும் என்று மலையகத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலை வெட்டும்போதே தொடங்குகிறது. ஒரு வருட, இரண்டு வருடக் கழியை விடுங்கள். தோல் மங்கி, பாசி படிந்த, மூன்று வருடத்துக்கு மேற்பட்ட கழிதான் வேண்டும். புது முளை கிளம்பப் போகும் மழைக்கு முன், அதாவது மார்ச், ஏப்ரலில் வெட்டாதீர்கள். முளைக்குக் கொடுப்பதற்காகப் புதர் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கும் காலம் அது. முளையெல்லாம் வளர்ந்து முடிந்து மழை ஓய்ந்தபின், டிசம்பர் கடைசியிலிருந்து பெப்ரவரிக்குள் வெட்டினால் காய வெயிலும் கிடைக்கும். (பதுளை, பண்டாரவளைப் பக்கம் வடகீழ் மழை பெய்வதால் அவர்களுடைய கணக்கு வேறு.)

அடுத்தது மாவுச்சத்தை வெளியேற்றுவது. முழுக் கழியானால் ஓடும் தண்ணீரில் மூன்று, நான்கு வாரம் அமிழ்த்தி வைக்க வேண்டும். குடிக்கத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே மட்டும் போடாதீர்கள், நாற்றம் குடிதண்ணீரில் இறங்கி லயம் முழுக்க உங்களைத் தேடி வரும். நீங்கள் பின்னுபவர்கள், ஆகவே உங்களுக்குச் சுருக்கு வழி இருக்கிறது. கீறிய பட்டையைப் பெரிய அண்டாவில் முக்கால் மணி நேரம் கொதிக்க வைத்து, கலங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் அலசுங்கள். அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தாலே உங்கள் கூடை ஏன் பூத்தது என்று விளங்கும்.

பிறகு நிழலும் காற்றும் உள்ள இடத்தில் காய வையுங்கள். காய்ந்துவிட்டதா என்று கையால் தடவிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு பட்டையைக் கடைத் தராசில் மூன்று நாளுக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்றால்தான் காய்ந்தது. ஜூன் மாதம் அது நடக்காது. அந்த மாதங்களில் அடுப்படிப் பரண்தான் வழி. இரண்டு மூன்று வாரம் புகை பட்டால் நிறம் கறுக்கும், ஆனால் புகையில் உள்ள, பூஞ்சணத்துக்கு ஆகாத பீனோல்களும் காடியும் பட்டையில் படியும். விறகிலிருந்து வருவதால் அதுவும் செடி தந்த மருந்துதான், காசும் இல்லை. விளக்குக்கூட்டுக்கு அந்தக் கறுப்பு அழகாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, இப்போது எண்ணெய். கறுவாப் பட்டை எண்ணெயில் சின்னமல்டிகைட் என்ற காரச் சரக்கு அதிகம், அது பூஞ்சணத்தின் உயிரணு உறையையே கெடுக்கும், ஆனால் விலை கூட. இலை எண்ணெய் மலிவு, அதிலுள்ள இயூஜினோலும் நன்றாக வேலை செய்யும். உங்கள் தேவைக்கு இலை எண்ணெய் போதும். 100 மில்லி ஸ்பிரிட்டில் 3 மில்லி கலந்து தொடங்குங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோல் எரியும். ஸ்பிரிட் என்பதால் அடுப்புப் பக்கமே போக வேண்டாம். மூங்கிலின் வெளித்தோலில் மெழுகு இருப்பதால் அங்கே எண்ணெய் இறங்காது. பூஞ்சணமும் முதலில் அங்கே பிடிக்காது. வெட்டு முனை, கணு, பட்டையின் உள்பக்கம், இந்த மூன்றுக்கும் தூரிகையால் இரண்டு முறை கொடுங்கள். வெளிர் நிறம் சற்று மஞ்சளாகும். அதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்த எண்ணெய்களின் பெரிய குறை, அவை பறந்து போவது. வாசம் போனால் காவலும் போச்சு. சீனாவில் மூங்கில் ஆய்வாளர்கள் இதோடுதான் மல்லுக்கட்டி, எண்ணெயை நுண்ணிய உறைகளுக்குள் அடைத்துப் பார்க்கிறார்கள். நமக்கு அது எட்டாது. தச்சர்கள் பொலிஷுக்கு வைத்திருக்கும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, எண்ணெய் பூசிய மறுநாள் மெல்லியதாக ஒரு பூச்சுக் கொடுங்கள். எண்ணெய் பறப்பது மெதுவாகும், ஈரம் ஏறுவதும் குறையும். அப்படியும் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் ஒரு முறை பூச வேண்டியிருக்கும். முடிந்த கூடையைச் சொப்பிங் பையில் கட்டி அனுப்பாதீர்கள், உள்ளே வியர்த்துவிடும். பழைய பத்திரிகைத் தாள் போதும்.

திரும்பி வந்த 20 கூடையையும் எறிய வேண்டாம். துகள் பறக்காமல் இருக்க, வெளியே வைத்து வினாகிரி நனைத்த துணியால் முதலில் துடைத்து, பிறகு பிரஷ் போட்டு, வெயிலில் காயவிடுங்கள். துடைத்தால் போவது பூஞ்சணம். துடைத்தும் போகாமல் குண்டூசித் துளைகள் தெரிந்து, அடியில் மஞ்சள் மா கொட்டியிருந்தால் அது வண்டு. அந்தக் கூடையை மற்றவற்றோடு வைக்காதீர்கள், எண்ணெய் பூசி அதைக் காப்பாற்றவும் முடியாது.

எல்லாவற்றுக்கும் பூசுவதற்கு முன் ஒரே கழியிலிருந்து ஆறு துண்டு எடுங்கள். இரண்டு சும்மா, இரண்டு அவித்தது, இரண்டு அவித்து எண்ணெயும் அரக்கும் பூசியது. குளியலறை மூலையில் மூன்று வாரம் தொங்கட்டும். எண்ணெய்க்குச் செலவழிக்கலாமா என்பதை அந்தத் துண்டுகளைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

போஞ்சிக் கம்புக்கு இதெல்லாம் வேண்டாம். மண்ணில் நிற்கும் கால் எப்படியும் இற்றுப்போகும், புதர் இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். கழிவு எஞ்சின் ஒயிலில் முக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, மரக்கறிப் பாத்தியில் அந்த வேலை கூடாது. இன்னொன்று, அக்கம்பக்கத்தில் யாராவது கொழுந்துக் கூடை பின்னித் தரச் சொன்னால் எண்ணெயும் பூசாதீர்கள், புகையும் காட்டாதீர்கள். தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். அவித்து, காயவைத்து, அப்படியே கொடுங்கள்.