உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. டிவிக்குப் புதிதாக ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கினோம். சத்தம் நன்றாக வருகிறது. ஆனாலும் "பேசுறது புரியல, தலைய வலிக்குது" என்கிறார். காதில் கோளாறா?

பதில்: காதைப் பார்ப்பதற்கு முன் ஸ்பீக்கரைப் பாருங்கள். செய்தி வாசிப்பவரின் முகம் பெரிதாகத் தெரியும்போது 'ப', 'ம' வரும் சொற்களைக் கவனியுங்கள். அவற்றுக்கு உதடு ஒட்டியே ஆகவேண்டும். ஒட்டிப் பிரிந்த பிறகு எழுத்து காதில் விழுந்தால், சத்தம் பின்தங்குகிறது. ப்ளூடூத்தில் 0.1, 0.2 நொடித் தாமதம் சகஜம்.

இத்தனூண்டு தாமதம் என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். பேச்சைக் கண்ணும் சேர்ந்துதான் கேட்கிறது. 1976இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 'கா' என்று வாயசைக்கும் முகத்தோடு 'பா' ஒலியைச் சேர்த்துக் காட்டினார்கள். பெரியவர்களில் பெரும்பாலோருக்குக் கேட்டது 'டா'! கண்ணை மூடினால் 'பா'தான்.

வயதாகும்போது முதலில் மங்குவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். ச, த, ப போன்ற எழுத்துகளின் கூர்மை போய்விடும். அதை இத்தனை நாள் அம்மாவின் கண், உதட்டைப் பார்த்து ஈடுகட்டியிருக்கும், அவருக்கே தெரியாமல். இப்போது உதடும் குரலும் பொருந்தாததால் மூளை ஒவ்வொரு வாக்கியத்தோடும் மல்லுக்கட்டுகிறது. களைப்பும் தலைவலியும் அதனால் வரலாம். டப்பிங் சீரியலிலும் இதே பாடுதான்.

தேர்த் திருவிழாவில் தூரத்திலிருந்து தவிலைப் பார்த்திருப்பீர்கள். கோல் விழுந்து சற்றுக் கழித்துத்தான் சத்தம் வரும். 34 மீட்டருக்கு 0.1 நொடி. அது நமக்கு உறுத்துவதில்லை, சத்தம் பிந்துவது இயற்கையிலேயே பழகிப்போனது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்குப்படி, சத்தம் முந்தினால் 0.045 நொடியிலேயே தெரிந்துவிடும், பிந்தினால் 0.125 நொடியில்.

சரி, ஸ்பீக்கரை ஒயரில் இணைத்து டிவிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். செட்டிங்கில் 'ஆடியோ டிலே' இருந்தால் பூஜ்யத்தில் விடுங்கள். பெரும்பாலும் அது சத்தத்தை இன்னும் பின்தள்ளத்தான் செய்யும். அம்மா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கட்டும். "கண்ணாடி போட்டாத்தான் நல்லா கேக்குது" என்று பெரியவர்கள் சொன்னால் தயவுசெய்து சிரிக்காதீர்கள், அது அத்தனையும் உண்மை. நீங்களும் அடுப்படியிலிருந்து குரல் கொடுக்காமல், வெளிச்சத்தில் முகம் பார்த்துப் பேசுங்கள்.

ஒயர் போட்ட பிறகும் புரியவில்லை என்றால் செவித்திறன் பரிசோதனை செய்துவிடுங்கள். ஒரு காது மட்டும் திடீரென மந்தமானால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.