இக்னோ பட்டயத்தில் இரண்டரை வருடம் ஓடிவிட்டது, இன்னும் இரண்டு தாள் பாக்கி. எல்லாம் வீணாகிவிடுமா?

கேள்வி: 2023 ஜூலையில் இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) ஒரு வருட முதுநிலைப் பட்டயம் சேர்ந்தேன். வேலையும் வீடும் சேர்ந்து படிப்பு பின்னால் போய்விட்டது. இப்போது 2026 ஜனவரி. ஒரு தாளில் தேர்வு தேறிவிட்டேன், ஆனால் அசைன்மென்ட் கொடுக்கவில்லை. இன்னொன்றில் அசைன்மென்ட் இருக்கிறது, தேர்வில் ஃபெயில். கால அவகாசம் முடிந்துவிட்டதா? மறுபதிவு செய்ய வேண்டுமா, மறுசேர்க்கையா? முன்பு தேறிய தாள்கள் எல்லாம் போய்விடுமா?

பதில்:

முதலில் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள், எதுவும் போகவில்லை. தேறிய தாள் தேறியதுதான். ஆனால் உங்களிடம் இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்று நினைத்தால் அது தப்புக்கணக்கு. உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு தேர்வு. நானும் வேலை பார்த்துக்கொண்டே இதே பல்கலைக்கழகத்தில் ஊரக வளர்ச்சிப் பட்டயம் படித்தவள். வருடத்தை எண்ணிக்கொண்டு இருந்ததால்தான் நான் தடுமாறினேன், தேர்வை எண்ணியிருந்தால் இரண்டு வருடத்திலேயே முடித்திருப்பேன்.

இக்னோவில் முதுநிலைப் பட்டயத்துக்குப் பொதுவாகக் குறைந்தபட்சம் 1 வருடம், அதிகபட்சம் 3 வருடம். மூன்று வருடம் என்று கேட்டதும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்துவிடும். அந்த நிம்மதிதான் ஆபத்து. பருவத் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறைதான், ஜூனில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. ஆண்டு முறைப் பட்டயத்தில் 2023 ஜூலையில் சேர்ந்தவருக்கு முதல் தேர்வே 2024 ஜூனில்தான் வரும். அங்கிருந்து விரல் விட்டு எண்ணுங்கள்: 2024 ஜூன், 2024 டிசம்பர், 2025 ஜூன், 2025 டிசம்பர், 2026 ஜூன். ஐந்தே வாய்ப்பு. நான்கு போய்விட்டது. ஜனவரியில் சேர்ந்தவர்களுக்கும் இதே ஐந்துதான், முதல் தேர்வு டிசம்பரில் தொடங்கும் என்பதுதான் வித்தியாசம்.

இப்படி ஒரு விதி ஏன் என்று பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. 32 கிரெடிட் கொண்ட பட்டயம் என்றால் 960 மணி நேரம். ஒரே வருடத்தில் முடிக்க நினைத்தால் வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். காலையில் பஸ் பிடித்து வேலைக்குப் போய், சாயங்காலம் வந்து சமைத்து, பிள்ளையைத் தூங்க வைப்பவருக்கு அது நடக்கிற காரியமா? அதனால்தான் மூன்று வருடம் கொடுக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்களை நினைத்துச் செய்த ஏற்பாடு அது. உங்களுக்கு இவ்வளவு நாள் ஆனதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

சரி, உங்கள் இரண்டு தாளுக்கு வருவோம். இரண்டும் ஒரே மாதிரிப் பாக்கி கிடையாது, தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அசைன்மென்ட் கொடுக்காத தாள்தான் என்னைப் பொறுத்தவரை பெரிய கவலை. அசைன்மென்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70 சதவீதம் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெரும்பாலான பட்டயங்களில் இரண்டிலுமே 40 வேண்டும், சிலவற்றில் 50, உங்கள் புரோகிராம் கைடில் போட்டிருக்கும். தேர்வில் 80 வாங்கியிருந்தாலும் அசைன்மென்ட் கட்டத்தில் வெறும் கோடு இருந்தால் கிரேடு கார்டின் கடைசிக் கட்டத்தில் ‘நாட் கம்ப்ளீட்டட்’ என்றே நிற்கும். அதை எடுத்துச் சரிசெய்ய நீங்கள் மறுபடி தேர்வு எழுத வேண்டியதில்லை. அசைன்மென்டை மட்டும் கொடுத்தால் போதும்.

ஆனால் எந்த அசைன்மென்ட்? இங்கேதான் நான் விழுந்தேன், கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

நான் சேர்ந்தது 2017 ஜூலை. முதல் தேர்வு வந்த 2018 ஜூனில் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அந்த மாதம் போய்விட்டது, தேர்வுக்கே போகவில்லை. டிசம்பரில் எழுதினேன், ஒரு தாள் போய்விட்டது, ஒரு தாளுக்கு அசைன்மென்டும் கொடுத்திருக்கவில்லை. 2019 மார்ச்சில் சுறுசுறுப்பு வந்து, தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஏ4 தாளில் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் கையால் எழுதி, கிட்டத்தட்ட நாற்பது தாள் சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டி, அரை நாள் லீவு போட்டு ஸ்டடி சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கே அசைன்மென்ட் வாங்குகிற பெரியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். உள்ளே புரட்டவே இல்லை. மேலே நான் எழுதியிருந்த குறியீட்டில் விரலை வைத்தார். பாடக் குறியீடு, ஒரு சாய்வுக்கோடு, டிஎம்ஏ (ஆசிரியர் திருத்தும் அசைன்மென்ட் என்பதன் சுருக்கம்), இன்னொரு சாய்வுக்கோடு, 2017-18.

“ஏம்மா, இது போன வருஷக் கேள்வி. இப்ப நடக்கிறது 18-19. இதை வாங்கி வச்சாலும் திருத்த மாட்டாங்கம்மா” என்றார்.

எனக்கு அப்படியே கண் கலங்கிவிட்டது. நான் சேர்ந்த வருடத்துப் புத்தகத்தில் இருந்த கேள்விகள்தானே எனக்கு என்று எழுதிவிட்டேன். விதி அப்படி இல்லை. அந்தந்த பருவத்துக்கு வரும் அசைன்மென்டுக்கு அந்தப் பருவத்தோடு ஆயுள் முடிந்துவிடும், அப்போது கொடுக்காதவர்கள் பிறகு கொடுக்கும்போது நடப்பில் இருக்கும் புதுக் கேள்விகளுக்குத்தான் பதில் எழுத வேண்டும். இது அந்த அலுவலகத்தின் தப்பு இல்லை, எல்லாம் தளத்திலும் கையேட்டிலும் அச்சடித்துப் போட்டிருக்கிறார்கள், நான் படிக்கவில்லை. அந்தப் பெரியவர் வாங்கி மேஜை மேல் போட்டிருந்தால் மாதக்கணக்கில் மார்க் வரும் வரும் என்று காத்திருந்திருப்பேன். கடைசித் தேதிக்குப் பதினோரு நாள் இருந்தது. மறுபடி எழுதினேன். கை வீங்கியது உண்மை, ஆனால் கொடுத்துவிட்டேன்.

எனவே நீங்கள் 2023 ஜூலையில் சேர்ந்திருந்தாலும் இப்போது எழுத வேண்டியது 2025 ஜூலை, 2026 ஜனவரிப் பருவங்களுக்கான கேள்விகள். தளத்தில் மாணவர் சேவைப் பகுதியில் இறக்கிக்கொள்ளலாம், இறக்கியதும் முதல் பக்கத்தில் பருவத்தைப் பாருங்கள், அப்புறம்தான் பேனாவை எடுங்கள். யூடியூபில் யாரோ போட்ட விடைத்தாளைப் பார்த்து எழுதுவதாக இருந்தால் தயவுசெய்து வேண்டாம். அவை பெரும்பாலும் பழைய பருவத்துடையவை, போதாததற்கு ஒரே பதிலை நூறு பேர் எழுதியிருப்பார்கள், திருத்துகிறவர் கண்ணுக்குத் தப்பாது.

ஜூன் தேர்வுக்கான அசைன்மென்ட் தேதி வழக்கமாக மார்ச் அல்லது ஏப்ரல் கடைசியில் வரும். நீட்டிப்பார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், பல தடவை நீட்டியும் இருக்கிறார்கள். நீங்கள் மட்டும் அதை நம்பாதீர்கள், இது உங்களுக்குக் கடைசித் தேர்வு. பிப்ரவரியிலேயே கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு தாள், அசைன்மென்ட் தேறி தேர்வில் போனது. இது நேர்வழி. அசைன்மென்ட் மார்க் உங்கள் பதிவுக் காலம் முழுக்க அப்படியே நிற்கும், மறுபடி எழுத வேண்டாம். ஜூன் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டு எழுதினால் சரி. ஒரு தாளுக்கு 200 ரூபாய். அரியர் தானே, தானாக ஹால் டிக்கெட் வந்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு தாளுக்கும் தனியாக விண்ணப்பம் போட வேண்டும், தேதி தவறினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் தாமதக் கட்டணம் கேட்பார்கள், அதற்கும் ஒரு தேதி உண்டு, அதுவும் போனால் அவ்வளவுதான்.

போன டிசம்பரில் எழுதிய ரிசல்ட் இன்னும் வரவில்லை என்றாலும் ஜூனுக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தேறிவிட்டால் 200 ரூபாய் போகட்டும். அதேபோல மறுமதிப்பீடு கேட்பதாக இருந்தால் ரிசல்ட் வந்த ஒரு மாதத்துக்குள் கேட்க வேண்டும், கேளுங்கள், ஆனால் அது வரட்டும் என்று படிக்காமல் இருக்காதீர்கள். மறுமதிப்பீட்டு முடிவு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே அடுத்த தேர்வைக் கோட்டைவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மறுபதிவா, மறுசேர்க்கையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் ஒன்று போலவே இருப்பதால் குழப்பம், ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மறுபதிவு என்பது எம்.ஏ. மாதிரி இரண்டு வருடப் படிப்பில் இரண்டாம் வருடத்துக்குப் பணம் கட்டிப் போவது. உங்கள் ஒரு வருடப் பட்டயத்தில் அது கிடையவே கிடையாது, யார் சொன்னாலும் அந்தப் பக்கத்தில் போய்ப் பணம் கட்டிவிடாதீர்கள்.

மறுசேர்க்கை என்பது மூன்று வருடமும் தீர்ந்த பிறகு. அதாவது 2026 ஜூன் தேர்விலும் ஏதாவது ஒரு தாள் நின்றுவிட்டால் அப்போது உங்களுக்கு இந்த வழி. முழுக் கட்டணமும் மறுபடி கட்ட வேண்டாம், முடிக்காத தாள்களுக்கு மட்டும் தாள் வாரியாகக் கட்டினால் போதும், தேறியவை அப்படியே இருக்கும். ஒரு வருடப் பட்டயத்துக்குக் கூடுதலாக 1 வருடம் தருவார்கள், அதாவது உங்கள் கணக்கில் 2026 டிசம்பர், 2027 ஜூன் என்று இரண்டு தேர்வு. அதற்கு மேல் நீட்டிப்பு இல்லை. ஜூன் ரிசல்ட் வந்த பிறகுதான் யோசிப்போம் என்று இருந்தால் டிசம்பர் தேர்வைப் பிடிப்பது கஷ்டம், அதனால் ஜூலையிலேயே படிவத்தை இறக்கி, தாளுக்கு எவ்வளவு என்று பார்த்து, மண்டல மையத்தில் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் சென்னையிலும் மதுரையிலும் மண்டல மையம் இருக்கிறது.

ஒருவேளை இதைப் படிக்கும் வேறு யாராவது இக்னோவில் இல்லாமல் சாதாரணக் கல்லூரியில் நேரடி வகுப்பில் படிப்பவராக இருந்தால்: யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2015இல் ஒரு வழிகாட்டுதல் விட்டது. படிப்பின் வழக்கமான காலம், அதற்கு மேல் 2 வருடம், அதற்குள் முடிக்கலாம். விதிவிலக்கான காரணம் இருந்தால் பல்கலைக்கழகம் மேலும் ஒரு வருடம் தரலாம். கூடுதல் காலத்தில் எழுதுபவர் தனித்தேர்வர் கணக்கு, ரேங்க் கிடையாது. இது பட்டப் படிப்புகளை மனத்தில் வைத்துச் சொன்னது, பட்டயத்துக்கு உங்கள் பல்கலைக்கழகம் என்ன வைத்திருக்கிறது என்பதை அவர்களுடைய ஒழுங்குமுறைப் புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும். பிரசவத்துக்கு அவகாசம் கேட்கலாம் என்பதே தெரியாமல் படிப்பை விட்ட பெண்களை எனக்குத் தெரியும், அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். கேட்டால் கிடைக்கலாம், கேளுங்கள்.

உங்களுக்குத் திரும்ப வருகிறேன். இன்றைக்கு ராத்திரி உங்கள் என்ரோல்மென்ட் நம்பரைப் போட்டு கிரேடு கார்டைத் திறந்து ஒவ்வொரு தாளையும் அசைன்மென்ட், தேர்வு இரண்டு கட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் இரண்டு தாள் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம், மூன்றாவதாக ஒன்றில் கொடுத்த அசைன்மென்டுக்கு மார்க் ஏறாமலும் இருக்கலாம். அப்படி இருந்தால் இப்போது தெரிந்தால் சரிசெய்ய நேரம் இருக்கிறது, ஜூலையில் தெரிந்தால் இல்லை. அப்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது அசைன்மென்ட் கொடுத்தபோது வாங்கிய, முத்திரையும் தேதியும் உள்ள ரசீது. நேரில் கொடுத்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள், மெயிலிலோ இணையத்திலோ அனுப்பினால் அந்த உறுதிப்படுத்தலை போட்டோ எடுத்து வையுங்கள், எழுதிய தாள்களையும் முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை போனில் ஸ்கேன் செய்துவிட்டே கொடுங்கள்.

நான் 2019 டிசம்பரில் முடித்தேன், என் நான்காவது வாய்ப்பில். கடைசியாகக் கொடுத்த அசைன்மென்டின் ரசீதைச் சான்றிதழ் வீட்டுக்கு வந்து சேரும்வரை பீரோவில் நகை டப்பாவுக்குள் வைத்திருந்தேன். நீங்களும் அப்படி ஒரு இடம் பார்த்து வையுங்கள்.