எடின்பரோ கேள்வித்தாளில் 14 வந்தால் மனச்சோர்வு உறுதியா?

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய உதவும் பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ தாளில் மனைவிக்கு 14 வந்திருக்கிறது, அப்படியானால் மனச்சோர்வுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, 14 என்பது நோய் முடிவு அல்ல. பிரசவமான ஆறாவது வாரத்தில் உங்கள் மனைவி நிரப்பிய அந்தத் தாள், யாரை மருத்துவர் நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்று பிரித்துக் காட்டத்தான் 1987-இல் மனநல மருத்துவர் ஜான் காக்ஸ் குழுவினர் உருவாக்கியது. மொத்தம் 30-க்கு 13 அல்லது அதற்கு மேல் வந்தால் அப்படிப் பார்ப்பது அவசியம்.

"ஆள் நன்றாகத்தான் இருக்கிறாள்" என்கிறீர்களே, அப்படியானால் முதலில் கூட்டலைப் பாருங்கள். 1, 2, 4 ஆகிய கேள்விகளில் மேலே இருக்கும் பதிலுக்கு 0, கீழே போகப்போக 1, 2, 3. மற்ற ஏழிலும் மேலே இருப்பதற்கு 3, கீழே போகப்போக 2, 1, 0. வீட்டில் கூட்டும்போது பலரும் தடுமாறுவது இங்கேதான்.

அப்புறம் 7-ஆவது கேள்வி. மனவருத்தத்தால் தூக்கம் வரவில்லையா என்றுதான் அது கேட்கிறது. குழந்தை பாலுக்கு எழுப்பியதை அதில் சேர்க்கக் கூடாது. கடந்த 7 நாட்களை மட்டும் நினைத்து, மாமியாரோ நீங்களோ பக்கத்தில் இல்லாமல், அவரே இன்னொரு முறை நிரப்பட்டும்.

திரும்பவும் 13 அல்லது அதற்கு மேல் வந்தால் பிரசவம் பார்த்த மருத்துவரிடம் தாளையே கொண்டுபோய்க் காட்டுங்கள். ரத்தசோகை, தைராய்டு இரண்டுக்கும் பரிசோதனை கேளுங்கள். அவையும் இதே சோர்வைத் தரும்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 10-ஆவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர வேறு எது இருந்தாலும், மொத்தம் 5 ஆனாலும் சரி, அவரைத் தனியே விடாமல் இன்றே மருத்துவரிடம் போங்கள். இரவானால் 14416-ஐ அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.