கனால் டு மிடியில் படகு: வாசகர் கேள்விகள்

கே: பிரான்சின் கனால் டு மிடி கால்வாயில் குடும்பத்தோடு ஒரு வாரம் வாடகைப் படகு எடுக்க ஆசை. யாருக்கும் ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் வேண்டாமா? (லா ஷப்பல், பாரிஸ்)

ப: வாடகைப் படகுக்கு வேண்டாம். கம்பெனிக்காரர்களே ஓட்டிக் காட்டி, அந்த வாடகைக் காலத்துக்கு மட்டும் செல்லும் ஓர் அட்டை கொடுப்பார்கள். வேக வரம்பு மணிக்கு 8 கி.மீ. படகுக்கு பிரேக் கிடையாது. நிறுத்த ரிவர்ஸ் கியர்தான். புதியவர்கள் ஸ்டியரிங்கை அதிகம் திருப்பிவிடுவார்கள். படகு தாமதமாகத்தான் திரும்பும் என்பதால், திரும்பத் தொடங்கியதுமே நேராக்கிவிடுங்கள்.

துலூஸிலிருந்து தோ காயல் வரை 240 கி.மீ., அறுபதுக்கு மேல் லாக் (நீரை நிரப்பியோ வடித்தோ படகை ஏற்றி இறக்கும், இருபுறமும் கதவுள்ள தொட்டி). ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பார்க்கத் திட்டம் போடாதீர்கள், பாதி விடுமுறை லாக் வாசலில் காத்திருப்பதிலேயே போய்விடும். ஆர்ஜான் லாக்கிலிருந்து பெசியே ஊரின் ஃபோன்செரான் அடுக்கு லாக் வரை சுமார் 54 கி.மீ.க்கு ஒரு லாக்கூட இல்லை. கை பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. லெ சொமாய் கல் பாலமும் 1679-ல் குடைந்த மல்பாஸ் சுரங்கமும் வழியிலேயே வரும். பழைய பாலங்கள் வளைவானவை. உயரம் நடுவில்தான், ஓரத்தில் போனால் படகின் மேல்மூலை கல்லில் உரசும். மேல்தட்டில் விரித்த குடையை முதலிலேயே மடக்கிவிடுங்கள்.

கே: லாக்குக்குள் படகு மேலே ஏறும்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்? (கோவை)

ப: வேலை முழுக்கக் கயிற்றில்தான். லாக்குக்கு முன்னால் உள்ள சிறு துறையில் ஒருவரை இறக்கிவிடுங்கள். ஏறும்போது சுவர் தலைக்கு மேலே இருக்கும், உள்ளே போனபின் கரையேற முடியாது. சிவப்பு விளக்கு என்றால் காத்திருக்க வேண்டும். சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் லாக் தயாராகிறது. பச்சை மட்டும் எரியும்போது மெதுவாக நுழையலாம்.

கரையில் நிற்பவர் முன்கயிறு, பின்கயிறு இரண்டையும் வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு கட்டுமுளையைச் சுற்றி, முனையைப் படகுக்கே திருப்பித் தர வேண்டும். முடிச்சு மட்டும் போடவே கூடாது. மேல்கதவில் நீர் விடும் ஷட்டர் திறந்ததும் தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாயும். அப்போது முன்கயிறு தளர்ந்திருந்தால் படகின் மூக்கு திரும்பி எதிர்ச்சுவரிலோ பக்கத்துப் படகிலோ மோதும். ஆகவே பலசாலி முன்னால் நிற்கட்டும். படகு உயர உயர, தொய்வை உடனுக்குடன் இழுத்துக்கொள்ள வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது விரலுக்கு ஆபத்து. படகு சுவரை நெருங்கினால் காலால் தள்ளுபவர்களும் உண்டு. டன் கணக்கில் எடையுள்ள படகு காலுக்காக நிற்காது. அந்த வேலைக்குப் படகின் பக்கத்தில் தொங்கும் மெத்தை, ஃபெண்டர், இருக்கிறது.

கே: இறங்குவது சுலபம்தானே? (திருச்சி)

ப: தண்ணீர் அமைதியாக இருக்கும், அதனாலேயே கவனம் சிதறும். கயிற்றை யாராவது கட்டிவிட்டு போட்டோ எடுக்கப் போனால், நீர் இறங்க இறங்கப் படகு ஒரு பக்கமாகத் தொங்கத் தொடங்கும். முறுக்கிக்கொண்ட கயிற்றைக் கையால் அவிழ்க்கப் பார்க்காதீர்கள், அறுத்துவிடுங்கள். கூரான கத்தி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து மேல்கதவின் அடியில் உள்ள கல்திட்டு. லாக் நிரம்பியிருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. பின்பக்கம் அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் முன்பக்கம் மட்டும் கீழே போகும், படகில் தண்ணீர் ஏறிவிடும். மேல்கதவை விட்டு நன்றாக முன்னால் தள்ளி நில்லுங்கள். அப்படியும் மாட்டிக்கொண்டால் சத்தம் போட்டு லாக் ஊழியரைக் கூப்பிடுங்கள். அவர் கீழ் ஷட்டரை முதலில் அடைத்துவிட்டு, பிறகு மேலிருந்து மெதுவாக நீர் விட வேண்டும்.

கே: லாக்குகள் ஏன் முட்டை வடிவில் இருக்கின்றன? (தஞ்சாவூர்)

ப: ஆரம்பத்தில் நேர்ச்சுவர் வைத்துக் கட்டியபோது, லாக் காலியானதும் வெளிமண்ணின் அழுத்தத்தில் சுவர் சரிந்தது. உப்பு வரி வசூலித்து வந்த ரிக்கே, இக்கால்வாயைக் கட்டியவர், சுவரை வெளிப்புறமாக வளைத்தார். படுக்க வைத்த வளைவுப் பாலம் மாதிரி, மண் தள்ளத் தள்ளக் கற்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். வாசலில் சுமார் 6 மீட்டர், நடுவில் 11 மீட்டர் அகலம். 1681-ல் கால்வாய் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். வடிவத்தில் படகுக்காரருக்கு ஒரு தொல்லை உண்டு: நேரான படகு வளைந்த சுவரில் முழுசாக ஒட்டி நிற்காது.

கே: ஃபோன்செரானில் எத்தனை லாக்? ஒருவர் ஆறு என்கிறார், இன்னொருவர் ஒன்பது என்கிறார். (புதுச்சேரி)

ப: தொட்டி எட்டு, கதவு ஒன்பது, மொத்த ஏற்றம் 21.5 மீட்டர். 1858-ல் ஓர்ப் ஆற்றின்மேல் கால்வாய் செல்லும் நீர்ப்பாலம் கட்டியபின் படகுகள் வழியிலேயே அந்தப் பக்கம் திரும்பிவிடுவதால் ஆறு தொட்டிகளை மட்டுமே கடக்கின்றன. ஏறவும் இறங்கவும் தனித்தனி நேரம் உண்டு. அதை முதல் நாளே கேட்டு வையுங்கள். பெசியே நோக்கி இறங்கும் பயணமே புதியவர்களுக்கு நல்லது. ஏறுபவர்கள் தொட்டிக்குத் தொட்டி கயிற்றோடு கரையில் நடக்க வேண்டியிருக்கும்.

கே: இரவில் கரையோர மரத்தில் படகைக் கட்டலாமா? (துலூஸ்)

ப: கூடாது, தடை இருக்கிறது. கரை நெடுக நின்ற சுமார் 42,000 பிளேன் மரங்களில் 2006 முதல் ஒரு பூஞ்சை நோய் பரவி, ஆயிரக்கணக்கில் வெட்ட வேண்டியதாயிற்று. பட்டையில் ஏற்படும் காயம் வழியாகத்தான் அது நுழைகிறது, கயிறு உரசினாலே போதும். படகிலேயே இரும்பு முளையும் சுத்தியலும் இருக்கும். முளையின் தலை தண்ணீருக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடியுங்கள். கயிறு நடைபாதைக்குக் குறுக்கே போகக் கூடாது, விடியற்காலையிலேயே சைக்கிள்காரர்கள் வந்துவிடுவார்கள்.